ஆச்சி வீட்டிலிருந்து அமெரிக்கா வரை... குட்டிப் பயணிகளை அழாமல் கூட்டிப் போவது எப்படி?

ஜூன் பிறந்து மேற்கே மலைமேல் மேகம் இறங்கிவிட்டால், தென்காசிப் பக்கத்து வீடுகளில் இரண்டு சீசன் ஒன்றாகத் தொடங்கும். ஒன்று குற்றால சீசன். இன்னொன்று, வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகள் சீசன். துபாய், தோஹா பள்ளிகளுக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை விடுமுறை. அமெரிக்காவிலும் ஏறக்குறைய அதே மாதங்கள்தான். லண்டன் பிள்ளைகள் கொஞ்சம் பிந்தி, ஜூலைக் கடைசியில் வந்து சேருவார்கள். சாரல் அடிக்கும் நாளும் பள்ளி மூடும் நாளும் இப்படிப் பொருந்தி வருவது ஆச்சி, தாத்தாக்களுக்குக் கிடைத்த கொடுப்பினை.

அருவியில் ஆட்டம் போட்டு, ரம்புட்டான் தோலை வாசலெல்லாம் இறைத்து, ஆச்சி மடியில் கதை கேட்டுத் தூங்கி, ஒருவழியாகத் திரும்பும் நாள் வரும். அப்போதுதான் அம்மாக்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்பாவுக்குக் கிடைத்தது பதினைந்து நாள் லீவு. அவர் முன்னாலேயே கிளம்பிப் போயிருப்பார். இரண்டு பிள்ளைகள், நான்கு பெட்டிகள், ஒரு அம்மா. இந்தக் கணக்கில்தான் நம் ஊரிலிருந்து பல குடும்பங்கள் விமானம் ஏறுகின்றன.

குழந்தையோடு விமானத்தில் போவதற்கு இணையத்தில் ஆயிரம் யோசனைகள் கிடைக்கும். எல்லாமே விமானத்தின் கதவிலிருந்து தொடங்குபவை. தென்காசிக்காரர்களுக்கு அது போதாது. நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அதனால் நம் பிள்ளைகளின் பயணம் ஆச்சி வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். துபாய் போகிறவர்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் போவார்கள். சுமார் 110 கிலோமீட்டர்தான் என்றாலும் மலைப்பாதை என்பதால் காரில் மூன்று மணி நேரம் ஆகும். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். விமானத்துக்குள் இருப்பது நான்கு மணி நேரம்தான். அதாவது, பயணத்தின் பெரும்பகுதி தரையிலேயே போய்விடுகிறது.

அமெரிக்கா என்றால் இன்னும் நீளம். மாலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை சென்னை. விமானம் பெரும்பாலும் நள்ளிரவு அல்லது விடியற்காலையில்தான் இருக்கும். ஒரு பகல் முழுக்கச் சென்னையில். அப்புறம் வளைகுடாவுக்கு நான்கு மணி நேரம், அங்கே இறங்கிக் காத்திருப்பு, அங்கிருந்து நியூயார்க்குக்குப் பதினான்கு மணி நேரம். எல்லாம் சேர்த்தால் இரண்டு நாள்களுக்கும் மேல். இந்த நீண்ட விமானத்தில் ஏறும்போது குழந்தை ஏற்கெனவே களைத்துப்போயிருந்தால், பையில் எத்தனை பொம்மை வைத்திருந்தாலும் பலன் இல்லை.

அந்தச் சென்னைப் பகல்தான் பலர் கோட்டை விடும் இடம். கே.கே.நகர் சித்தி, தாம்பரம் மாமா என்று நாலு வீடு ஏறி இறங்கி, எல்லா வீட்டிலும் ஒரு கேசரி சாப்பிட்டு, குழந்தை மதியத் தூக்கமே இல்லாமல் இரவு விமான நிலையத்துக்கு வரும். ஒரே வீட்டில் தங்குங்கள். பார்க்க விரும்பும் சொந்தங்கள் அங்கே வரட்டும். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை குழந்தை ஃபேனுக்கு அடியில் தூங்க வேண்டும். சித்தி கோபித்துக்கொண்டால் அடுத்த வருடம் சமாதானம் செய்துகொள்ளலாம்.

பார்டரில் பரோட்டா, மலையில் வாந்தி

திருவனந்தபுரம் வழியாகப் போகிறவர்களுக்கு வேறு சோதனை இருக்கிறது. செங்கோட்டை தாண்டினால் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை என்று வளைவுகள்தான். அதற்குச் சற்று முன்னால், பிரானூரில், பார்டர் பரோட்டா கடைகள். ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் அங்கே இறங்காமல் போக யாருக்கும் மனம் வராது. ஆனால் எண்ணெய் மிதக்கும் சால்னாவில் ஊறிய பரோட்டாவைச் சாப்பிட்ட ஏழு வயதுப் பிள்ளை, பத்து நிமிடத்தில் எஸ் வளைவில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வண்டி மயக்கம் இரண்டு வயதுக்குக் கீழ் அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம். ஓடும் காட்டைக் கண்ணால் பார்க்காமல் மடியில் உள்ள செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தால், உடம்பு அசைகிறது என்று காது சொல்லும். இல்லை என்று கண் சொல்லும். அந்தக் குழப்பம்தான் குமட்டல். ஆகவே மலைப்பாதையில் செல்போன் வேண்டாம். ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கவும் விஷயம் இருக்கிறது. கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வரும். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. முதலில் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்று சொல்லி வைத்தால், இரண்டு கண்ணும் தானாக வெளியே போய்விடும்.

கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். வழக்கமாக வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால், குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரோட்டாவை ஊருக்கு வரும்போது சாப்பிடலாம். அப்போது வளைவுகள் முடிந்திருக்கும்.

கடைசி அருவிக் குளியல் எப்போது?

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வேன் என்பவர்கள் இந்தப் பகுதியைப் படித்தால் போதும்.

விமானத்தில் கைக்குழந்தைகள் வீறிட்டு அழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பிடிவாதமோ பசியோ அல்ல. காது வலி. செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு மெல்லிய குழாய் ஒன்று போகிறது. நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தத்தைச் சமன் செய்கிறது. குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டை, குறுகல். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பதைப் போலத்தான். கொடைக்கானலில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது அந்தக் கொடைக்கானலிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சமவெளிக்கு வந்துவிடுகிறோம். வெளியே கூடும் அழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். குழாய் திறந்தால் சமமாகிவிடும். அடைத்திருந்தால் வலி. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தொந்தரவு அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

இதற்கும் குற்றாலத்துக்கும் என்ன தொடர்பு? ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் ‘கடைசியாக ஒரு குளியல்’ என்று மொத்தக் குடும்பமும் அருவிக்குப் போகும். தண்ணீரில் நனைந்தாலே சளி பிடிக்கும் என்று ஆச்சிகள் சொல்வார்கள். உண்மையில் சளி வருவது வைரஸால். ஆனால் சீசன் கூட்டத்தில், தோளோடு தோள் உரசி, ஈரத் துண்டைப் பகிர்ந்துகொண்டு, இருமுகிறவர்களுக்கு நடுவே நிற்கும்போது வைரஸ் தொற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தொற்றிய ஓரிரு நாள்களில் மூக்கு ஒழுகத் தொடங்கும். அதாவது, சரியாக விமானத்தில் ஏறும் நேரத்தில். ஆச்சி சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். அவர் போடும் தடை சரியானதுதான்.

ஆகவே கடைசிக் குளியலை ஐந்து நாள்களுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். அதிலும் சின்னப் பிள்ளைகளுக்குப் பேரருவி வேண்டாம். அந்தத் தண்ணீர் விழும் வேகம் காதுக்கு நல்லதல்ல. புலியருவியும் சிற்றருவியும் அவர்கள் அளவுக்குப் போதும். கடைசி நாள்களில் பிள்ளைகளுக்கு ஏதாவது வேண்டுமே என்றால், தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே அடிக்கும் காற்றில் எதிர்நீச்சல் போடுவதே அவர்களுக்கு ஒரு மணி நேர விளையாட்டு.

அப்படியும் சளி பிடித்துவிட்டால், காது வலிப்பதாகச் சொன்னால், கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். பயணத் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். வீட்டு அலமாரியில் இருக்கும் சளி சிரப்பை, தூங்கட்டும் என்று ஊற்றிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. அது ஆபத்து. குளோர்பெனிரமைனும் ஃபினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மருந்து அட்டையிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. மேலும், தூக்கம் வரும் என்று கொடுக்கும் மருந்து சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்யும். பத்து மணி நேரம் பம்பரம்போலச் சுற்றுவார்கள்.

விமானம் இறங்கப் போகிறது என்று அறிவித்ததும், தூங்கும் குழந்தையை மெல்ல எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் நாம் அதிகம் விழுங்குவதில்லை. கைக்குழந்தை என்றால் தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளை ஸ்ட்ரா போட்டுத் தண்ணீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சலாம். கடினமான மிட்டாய் 4 வயதுக்குக் கீழே வேண்டாம், தொண்டையில் சிக்கும். நிலக்கடலையும் முழுத் திராட்சையும் அப்படித்தான். என்ன செய்தும் அழுகிறதா? அழட்டும். அழும்போதும் அந்தக் குழாய் திறக்கும்.

பழைய சேலையும் ஸ்டிக்கர் பொட்டும்

கைப்பையில் என்ன வைப்பது என்றால், முதலில் ஆச்சியின் பழைய நூல் சேலை ஒன்று. சிரிக்காதீர்கள். விமானத்துக்குள் குளிரும், போர்வையாகும். பால் கொடுக்கும்போது மறைப்பாகும். மடித்தால் தலையணை. எல்லாவற்றையும்விட, அதில் ஆச்சி வீட்டு வாசம் இருக்கும். புது இடத்தில் மிரளும் ஒன்றரை வயதுக்குக் கடையில் வாங்கிய எந்தப் பொம்மையும் அந்த வாசத்தைத் தராது. தூங்கும் குழந்தையின் முகத்தை மட்டும் மூடிவிடாதீர்கள்.

டயப்பர் கணக்கை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்து, அதற்கு மேல் நான்கைந்து சேர்த்துக்கொள்ளுங்கள். விமானம் தாமதமாகும் நாளில் அந்த நான்கைந்தின் அருமை தெரியும். குழந்தைக்கு இரண்டு செட் மாற்றுடை எல்லாரும் எடுத்துவைப்பார்கள். அம்மாவுக்கு ஒரு மேல்சட்டை வைக்க மறந்துவிடுவார்கள். வாந்தி யார் மேல் விழும் என்று நினைக்கிறீர்கள்?

உணவில் ஒரு விஷயம். உயரே போகும்போது வயிற்றுக்குள் இருக்கும் வாயு கால் பங்குக்கு மேல் விரிகிறது. பட்டாணி, சோடா, மொச்சை எல்லாம் கிளம்பும் நாளில் வேண்டாம். சர்க்கரை தூவிச் சுருட்டிய சப்பாத்தி, எண்ணெய் தடவிய மினி இட்லி, பொரி, செங்கோட்டை நேந்திரங்காய் சிப்ஸ் என்று கையில் பிடித்துச் சாப்பிடுவதாக இருக்கட்டும். குழந்தைகளுக்கான தனிச் சாப்பாடு பல விமான நிறுவனங்களில் உண்டு; ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும். திரவம் 100 மில்லிக்கு மேல் கையில் எடுத்துப் போக முடியாது என்பது விதி. பாட்டில் பால், குழந்தை உணவுக்குப் பயணத்துக்குத் தேவையான அளவு சலுகை உண்டு. சோதனையில் வெளியே எடுத்துக் காட்டுங்கள். உள்ளே காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு. பிள்ளைகள் தாகம் என்று கேட்க மாட்டார்கள். அடிக்கடி இரண்டு வாய் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஸ்ட்ரா வைத்த சிப்பரை மேலே போனதும் முகத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்று தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும்.

பேரன் ஆசைப்பட்டான் என்று ரம்புட்டானும் மங்குஸ்தானும் பையில் போட்டு அனுப்பும் தாத்தாக்களே, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தப் பழங்கள் விமான நிலையத்தைத் தாண்டாது. சொல்லாமல் கொண்டுபோனால் அபராதமும் விழலாம். வீட்டிலேயே தின்று தீர்க்கட்டும்.

இனி விளையாட்டு. செல்போன், டேப் கூடவே கூடாது என்று சொல்கிறவர்கள் பதினான்கு மணி நேரம் ஒரு நான்கு வயதுடன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் வீட்டு விதிகளைத் தளர்த்துவதில் தவறில்லை என்பது என் கட்சி. ஆனால் முதல் ஆளாக அதை எடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் விமானமே வேடிக்கைதான். ஜன்னல், சீட் பெல்ட், முன்சீட் திரையில் நகரும் வரைபடம். திருவனந்தபுரத்தில் ஏறினால் சற்று நேரத்திலேயே கீழே அரபிக்கடல். அதெல்லாம் தீர்ந்தபிறகு செல்போன் வரட்டும். படங்களை ஆச்சி வீட்டு வைஃபையிலேயே இறக்கிவையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது.

செல்போனுக்குள் முக்கியமாக இறக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. ஆச்சியின் கதைகள். கிளம்புவதற்கு முந்தின வாரம், இரவு கதை சொல்லும்போது ஆளுக்குத் தெரியாமல் பதிவு செய்துவிடுங்கள். பத்துப் பத்து நிமிடமாக நான்கைந்து கதை போதும். நடுவே பிள்ளையின் பெயரைச் சொல்லி “என்னல, தூங்கிட்டியா?” என்று கேட்பதும் அதில் இருக்கட்டும். விளக்கை அணைத்த விமானத்தில் ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் குறைத்து இதைப் போட்டுவிட்டால், ஆச்சி பக்கத்தில் இருப்பதாக நினைத்துக் கண் சொக்கும்.

ஆறு வயதுக்கு மேல் என்றால் ஆடுபுலி ஆட்டம். பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றின் மேல் மார்க்கரால் கட்டத்தை வரைந்துகொள்ளுங்கள். காய்களுக்கு ஸ்டிக்கர் பொட்டு. பெரிய சிவப்புப் பொட்டு மூன்று புலி, சின்னக் கறுப்புப் பொட்டு பதினைந்து ஆடு. விமானம் குலுங்கினாலும் காய் உருளாது. சீட்டுக்கு அடியில் தேட வேண்டாம். அதே பொட்டு அட்டை மூன்று வயதுக்கும் ஆகும். காகிதத்தில், கையில், அம்மா மூக்கில் என்று ஒட்டி உரித்து அரை மணி நேரம் ஓடும். வாயில் போடும் வயது என்றால் கொடுக்காதீர்கள். ஒரு முழம் நூலில் முடிச்சுப் போட்டு விரல்களில் கட்டும் நூல் விளையாட்டை இந்த விடுமுறையிலேயே தாத்தாவிடம் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எடையே இல்லாத பொம்மை அது.

சீட் விஷயத்தில் கூச்சம் வேண்டாம்

12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, அதே டிக்கெட்டில் பயணிக்கும் அம்மா அல்லது அப்பா பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. பிரித்து உட்கார வைத்தால் கவுன்ட்டரிலேயே கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல.

கைக்குழந்தை படுக்கும் தொட்டில் நீண்ட தூர விமானங்களில் உண்டு. முன்தடுப்புச் சுவருக்கு எதிரே உள்ள சில சீட்டுகளுக்கு மட்டும்தான். எடை வரம்பும் உண்டு. டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து கேட்டுப் பதிந்துவிட வேண்டும். இரண்டு வயது வரைதான் மடியில் உட்காரும் டிக்கெட். ஊருக்கு வரும்போது ஒன்றே முக்கால் வயது, திரும்பும்போது இரண்டு முடிந்துவிட்டது என்றால், திரும்பும் விமானத்தில் தனி சீட் வாங்க வேண்டும். இது தெரியாமல் கவுன்ட்டரில் விழிப்பவர்கள் உண்டு. இடம் போதவில்லை என்று குழந்தையைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். அவசரத்தில் மேலிருந்து விழும் ஆக்சிஜன் முகமூடி அங்கே எட்டாது.

அம்மா மட்டும் கூட்டிப் போகிறார் என்றால், அப்பா சம்மதம் தெரிவித்து எழுதிய கடிதம் ஒன்றையும் பிறப்புச் சான்றிதழ் நகலையும் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் குடியேற்ற அதிகாரிகள் கேட்பார்கள். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்போது பதில் தேடுவது கஷ்டம்.

பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளித்தால்? குழந்தை எட்டி உதைத்தால் தடுக்க வேண்டியது நம் வேலை, மன்னிப்பும் கேட்கலாம். ஆனால் காது வலியில் அழும் குழந்தைக்காகக் கூனிக் குறுக வேண்டாம். பின்பக்கம், பணிப்பெண்கள் நிற்கும் இடத்துக்குத் தூக்கிப் போய் ஆட்டிக்கொண்டு நில்லுங்கள். வெந்நீர் கேட்டால் தருவார்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் பயணம் இரண்டு வாரத்துக்கு முடியாது. துபாய் என்றால் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு நாளில் சரியாகும். நியூயார்க் பக்கம் கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால். உடம்பு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம்தான் பழகும். பகலில் வெயிலில் விளையாட விடுங்கள், மதியத் தூக்கத்தைச் சுருக்குங்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் போய் இறங்காமல், ஒரு வாரமாவது முன்னால் டிக்கெட் போடுங்கள்.

அப்படியும் முதல் சில இரவுகள் மூன்று மணிக்குப் பிள்ளை கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விளக்கைப் போடாதீர்கள், டிவி வேண்டாம். அப்போது தென்காசியில் மதியம் பன்னிரண்டரை. ஆச்சி சோறு வடித்துவிட்டு, வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பார். போன் போடுங்கள். வீடியோ வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். குரல் மட்டும் போதும். மழை பெய்யுதா ஆச்சி என்று பிள்ளை கேட்கட்டும்.